கடுதாசிக்கு வராத வரிசை

இது நடந்து மூன்று வருடமாகிறது. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தொடங்கி, மறுநாள் மதியத்தோடு கைமீறிப் போன சங்கதி. இடம் கொக்குவில். ரயில் பாதையைக் கடந்து உள்ளே வரும் ஒழுங்கையின் முகப்பில் என்னுடைய சின்னக் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, பிரிண்ட், லமினேற்றிங், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று ஓடுகிற கடை. மற்றவர்கள் இப்படி எழுதும்போது தங்களுக்கு உதவி செய்தவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். நான் எழுதப் போவது என்னால் கெட்டுப்போன ஒரு காரியத்தை. எழுதலாமா விடலாமா என்று யோசித்ததிலேயே கனநாள் போய்விட்டது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் விட்டது. திரும்பி வந்தபோது என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து படிக்க வெட்கமாக இருந்ததால் போகவில்லை. அதனாலோ என்னவோ எழுத்துச் சம்பந்தமான எதைத் தொட்டாலும் எனக்குப் பயம். ஒரு எழுத்துப் பிழைத்தால் "படிக்காதவன் தானே" என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைப்பேன். அடையாள அட்டை இலக்கத்தை மூன்று தரம் வாய்விட்டு வாசிப்பேன். பூட்டின கடையைப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். "உங்கடை பயத்தைப் பிரிண்ட் எடுக்கத் தொடங்கினால் கடையிலை பேப்பர் காணாது" என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முதல் வேலைகளில் ஒன்று மரண அறிவித்தல் அடிப்பது. சந்தியில், மதிலில், மின்கம்பத்தில் எல்லாம் ஒட்டுவார்கள். இறந்தவரின் படம், அவர் யாருக்குக் கணவன், யாருக்குத் தகப்பன், யாருக்கு மாமா, யாருக்குப் பாட்டன் என்று பெயர்கள், பிறகு கிரியை நடக்கும் நேரம். பார்க்கிறவர்கள் நேரத்தை வாசித்துவிட்டுப் போவதில்லை. பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். யார் இருக்கிறார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பார்கள். கோபத்தில் இருக்கிற குடும்பம் ஒரு பிள்ளையின் பெயரைப் போடாமல் விட்டால், அது வீட்டு வாசல் படலையைச் சாத்தினதற்குச் சமம். அதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முந்தி இந்த வேலை அச்சகங்களிடம் இருந்தது. இப்போது பாதிச் சொந்தம் வெளிநாட்டில். அங்கிருந்து அறிவித்தலை ஒரு இணையப் பக்கத்தில் போட்டுவிட்டு லிங்கை அனுப்புவார்கள், அப்படியே பிரிண்ட் எடுக்கச் சொல்லி. அப்படியே எடுத்தால் படம் ஒரு தாளிலும் பெயர்கள் இன்னொரு தாளிலும் வரும். நடுவில் விளம்பரம் வரும். செத்தவரின் நெற்றிக்கு மேலே சேலைக்கடை விளம்பரம் வந்ததையும் கண்டிருக்கிறேன். திரையில் வடிவாக இருப்பது தாளில் வடிவாக வராது. இரண்டும் வேறு வேறு.

ஆகவே நானே ஒன்று செய்தேன். வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கொப்பியில் எழுதிப் பழகி முடிக்க ஒரு வருடம் எடுத்தது. விவரங்களைத் தட்டினால் அறிவித்தல் ஒரு இணையப் பக்கமாக வரும். அந்தப் பக்கத்தையே பிரிண்ட் கொடுத்தால் ஏ3 தாளில் மில்லிமீற்றர் பிசகாமல் உட்காரும். மேலே படம். நடுவில் ஒரு பெட்டி. அதற்குள் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று நிரல். கீழே கிரியை விவரம். சுற்றிவரக் கறுப்புக் கரை. கனடாவில் இருக்கிறவரும் லிங்கைத் திறந்து பார்த்துத் திருத்தம் சொல்லலாம். தெல்லிப்பழையில் இருந்தும் தேடி வந்தார்கள். எட்டாம் வகுப்புக்காரனுக்கு அது பெரிய மரியாதை.

ஒரு முறை ஒரு வீட்டில் பேரப்பிள்ளைகள் கூடி, நடுப்பெட்டி நீண்டு, கிரியை நேரம் இரண்டாம் தாளுக்குத் தள்ளுப்பட்டுவிட்டது. நேரம் இல்லாத அறிவித்தலைத்தான் ஊரெல்லாம் ஒட்டினார்கள். அன்று வாங்கின பேச்சுக்குப் பிறகு நடுப்பெட்டியின் உயரத்தை இறுக்கிவிட்டேன். பெட்டிக்குள் அடங்காத எதையும் தாளில் காட்டாதே என்று ஒரு கட்டளை வரி எழுதினேன். திரையில் என்றால் விரலால் தள்ளி அடியில் இருப்பதைப் பார்க்கலாம். தாளில் அது இருக்காது. ஆட்கள் கூடினால் எழுத்துத் தானாகச் சிறுக்கிற மாதிரிப் பிறகு செய்வோம் என்று வைத்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த ஒரு குடும்பத்துக்கும் பெட்டி நிரம்பவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் கடையில் இருந்து மூன்றாவது ஒழுங்கையில் இருந்த பெரியவர் ஆஸ்பத்திரியில் கண் மூடினார். தெல்லிப்பழைப் பக்கம் தோட்டம் செய்தவர். சண்டைக் காலத்தில் கொக்குவிலுக்கு வந்து, இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். நான்கு பிள்ளைகள். மூத்த மகன் தகப்பனோடு ஒரே வளவில் இருந்தவர். நடுவில் இரண்டு பேர் கனடா. கடைசி மகள் குருநகரில். அவள் பதினொரு வருடத்துக்கு முன் அங்கே கடல் தொழில் செய்கிற கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்துப் பையனை விரும்பிப் போனவள். அன்று தகப்பன் கிணற்றடியில் தலை முழுகியதை அயலில் எல்லோரும் கண்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லக் கூடாது.

மத்தியானம் மூத்த மகன் கடைக்கு வந்து விவரம் தந்தார். மூன்று பிள்ளைகளின் பெயர்தான் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் இல்லை. பக்கத்தைச் செய்து, ஒரு தாள் எடுத்துப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் கன பேர் என்பதால் நடுப்பெட்டி அடி வரைக்கும் அளவாக நிரம்பி, வெட்டி வைத்தது போல் இருந்தது. சந்தோஷப்பட்டேன். அப்படிச் சொல்லவும் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நான்கு மணி இருக்கும், பிள்ளைகளின் தாய் ஆள் அனுப்பி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டா. பூதவுடல் இன்னும் வந்து சேரவில்லை. பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ விறாந்தையில் பாயில் இருந்தா. சுற்றிவரப் பெண்கள். அழுது முடித்த முகம். மகன் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். என்னைக் கண்டதும் அவ சுற்றி வளைக்காமல் சொன்னா.

"தம்பி, உதிலை என்ரை சின்னவளையும் போடும். மருமோனையும் போடும், பிள்ளையள் இரண்டையும் போடும்."

நான் மகனைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். தாய் மகனுக்குக் கேட்கத்தக்கதாக, ஆனால் என்னைப் பார்த்தபடியே சொன்னா, கடைசி மாதம் முழுக்க அந்த மனிசன் படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "ஆர், சின்னவளோ" என்று கேட்டதாக. பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள். மகன், "அம்மா சொல்லுறதைப் போடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த இடத்திலேயே என்னுடைய போனில் பக்கத்தைத் திறந்து தட்டினேன். கடைசிப் பிள்ளை என்பதால் மக்கள் நிரலில் அவள் கடைசி. மருமக்கள் நிரலில் அவளின் கணவன் கடைசி. பேரப்பிள்ளைகளில் அவளின் இரண்டும் கடைசி. மூன்று நிரலின் அடியிலும் ஒரே வரிசையில் அந்தக் குடும்பம் வந்து சேர்ந்தது. தாய் கண்ணாடியைப் போட்டு, விரலால் மேலே தள்ளி, அந்த வரிசையைத் தடவி வாசித்தா. வாசித்து முடித்து, தலையணைக்குக் கீழே இருந்த சின்ன போனை எடுத்தா. மகளின் இலக்கம் அவவுக்குப் பாடமாக இருந்தது. எத்தனை வருடமாக ஒளித்துக் கதைத்தாவோ தெரியாது.

"பிள்ளை, உன்ரை பேர் நோட்டீசிலை போட்டிருக்கு. என்ரை கண்ணாலை பாத்தனான். இரண்டையும் கூட்டிக்கொண்டு வா. பந்தம் பிடிக்கோணும்."

பந்தம் பிடிப்பது என்பது, செத்தவரைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் ஏந்தி நிற்பது. பேரப்பிள்ளை என்று ஊர் அறிய ஏற்றுக்கொள்கிற இடம் அது.

கனடாவில் இருந்த இரண்டு பேரும் லிங்கில் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதியிருந்தார்கள். அக்காக்காரி குரல் பதிவில் அழுதா, தங்கச்சியின் பெயரைப் பதினொரு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன் என்று. சின்னவளுக்கும் அந்த லிங்கை அனுப்புவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைக்கு ஓடிவந்தேன். இதற்கிடையில் கிரியை நேரமும் மாறியிருந்தது. பழைய அனுபவத்தால் எனக்கு அந்த நேரத்தின் மேல்தான் முழுப் பயமும். பிரிண்ட் எடுத்துக் கீழ்ப்பெட்டியை வாய்விட்டு வாசித்தேன். பன்னிரண்டரை, மயானத்தின் பெயர், போன் இலக்கங்கள், எல்லாம் சரி. கரை நான்கு பக்கமும் சரி. நடுப்பெட்டியைத் தாயே போனில் பார்த்துவிட்டாவே என்று விட்டுவிட்டேன். ஆறு மணிக்கு மகனின் நண்பர்கள் வந்து அறிவித்தல் கட்டை எடுத்துக்கொண்டு போய், இருட்ட முதலே ஒட்டி முடித்தார்கள்.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கடையைத் திறந்தேன். செத்த வீட்டுக்குப் போவதற்கு முன் மேசையை ஒதுக்கலாம் என்று, மிஞ்சிக் கிடந்த தாள் ஒன்றை மடிக்க எடுத்தேன். என் பழக்கத்துக்கு ஒரு தரம் வாசித்தேன். நடுப்பெட்டி வெட்டி வைத்தது போல் வடிவாக இருந்தது. மூன்று பிள்ளைகள். அதற்குக் கீழே கரை.

நான்காவது வரிசை இல்லை. ஒரு எழுத்தின் தலை கூட வெளியே தெரியவில்லை. பெட்டிக்குள் அடங்காததைக் காட்டாதே என்று நான் எழுதி வைத்த வரி, சொன்னதைச் செய்திருந்தது. மகள், மருமகன், பிள்ளைகள் இரண்டு என்று ஒரு முழுக் குடும்பம், இருந்த அடையாளமே இல்லாமல் போயிருந்தது.

அப்போது நேரம் எட்டேகால் கூட ஆகவில்லை. அந்த வீடு மூன்று ஒழுங்கை தள்ளி. சைக்கிளில் போனால் இரண்டு நிமிடம். போய், "அம்மா, பிழைச்சுப் போச்சு, பிள்ளைக்கு ஒருக்கால் போன் பண்ணிச் சொல்லுங்கோ" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த நேரம் அவள் குருநகரில் இருந்து வெளிக்கிட்டிருக்கவும் மாட்டாள்.

நான் போகவில்லை. செத்த வீட்டில், அத்தனை பேருக்கு முன்னால், என் வாயால் அதைச் சொல்கிறதை நினைத்துப் பார்த்தேன். மகனின் முகத்தை நினைத்தேன். "படிக்காதவனிட்டைக் குடுத்தால்" என்று யாரோ சொல்லப் போவது காதில் கேட்டது. ஒருவரும் இன்னும் கவனிக்கவில்லை, கவனிக்க முதல் திருத்திவிடலாம் என்று எனக்கு நானே சொன்னேன். எழுத்தைச் சிறிதாக்கினேன். வரிசை ஏறி வந்து பெட்டிக்குள் இருந்தது. இருபது தாள் எடுத்தேன். கோதுமை மாவில் பசை காய்ச்சி, வாளியில் ஊற்றிச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன், பழைய அறிவித்தல்களுக்கு மேலே புதியதை ஒட்ட.

எங்கே முதலில் ஒட்டினேன் என்பதைத்தான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த வீட்டு ஒழுங்கைக்குள் முதலில் போனேன். பிறகு கோயில் மதில். பிறகு ஸ்ரேசனடி. அதாவது அந்த வீட்டுக்காரரின் கண்ணில் படக்கூடிய இடங்கள். அவள் பஸ்ஸில் வந்து இறங்கப் போகிற சந்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. அவளின் பெயருக்காக ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என்னுடைய பெயருக்காக ஓடியிருக்கிறேன்.

சந்திக்குப் போனபோது பத்து மணிக்குக் கிட்ட. பஸ் தரிப்பிடத்து மின்கம்பத்தில் பழையதுக்கு மேலே புதியதை வைத்து அழுத்தினேன். பக்கத்தில் ஓட்டோவோடு நின்ற மனிசன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். என்ன அண்ணை, நேற்று இல்லாத பிள்ளை இண்டைக்குப் பிறந்திட்டுதோ, உங்கடை கடையிலை பிள்ளையளைக் கூட்டிக் கழிக்கவும் ஏலுமோ என்று கேட்டார். அவர் தாளில் இருந்த பெயரை வாசித்தார். வாசித்ததும் குரல் மாறியது.

"அந்தப் பிள்ளை வந்தது அண்ணை. வெள்ளைச் சீலையோடை, இரண்டு பொடியளையும் கையிலை பிடிச்சுக்கொண்டு. உதிலைதான் நிண்டு வாசிச்சது. இரண்டு தரம் வாசிச்சுப்போட்டு அங்காலை பஸ் ஏறிப் போட்டுது."

எப்போது என்று கேட்டேன். ஒன்பது மணி போல என்றார்.

அப்போதும் நேரம் இருந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. குருநகர் ஒன்றும் தூரம் இல்லை. ஓட்டோவில் அரை மணித்தியாலம் கூட ஆகாது. அந்த மனிசனின் ஓட்டோவிலேயே ஏறியிருக்கலாம். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், கை கழுவி, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு செத்த வீட்டுக்குப் போனேன். அங்கே போய்ச் சமயம் பார்த்து மகனைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

சமயம் வரவில்லை என்று சொன்னால் பொய். மகன் இரண்டு தரம் எனக்குப் பக்கத்தால் போனார். ஒரு தரம், "சாப்பிட்டனீங்களோ அண்ணை" என்றும் கேட்டார். பறை அடித்துக்கொண்டிருந்தது. பெரியவரை நடுவில் கிடத்தியிருந்தார்கள். நான் கால்மாட்டில் போய்க் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோது, தலைமாட்டில் இருந்த தாய் என்னைக் கண்டா. கண் எல்லாம் படலையில்.

"தம்பி, நீர் சந்தியாலை தானே வந்தனீர். என்ரை பிள்ளை வாறதைக் கண்டனீரோ?"

"இல்லை அம்மா."

நான் காணவில்லை தான். அந்தச் சொல்லில் பொய் இல்லை. அதைப் போல ஒரு பொய்யை நான் என் வாழ்க்கையில் சொன்னதும் இல்லை.

அவ திரும்பத் திரும்பப் போன் எடுத்தா. மகளின் போன் நிற்பாட்டிக் கிடந்தது. குருக்கள் அவசரப்படுத்தினார். சுண்ணம் இடிக்கிற கிரியையும் முடிந்தது. தாய் கேட்டுக்கொண்டபடி ஐந்து பந்தம் கட்டியிருந்தார்கள். மகனின் மூன்று பிள்ளைகளும் மூன்றை ஏந்தி நின்றார்கள். மிச்சம் இரண்டும் குருக்களின் தட்டுக்குப் பக்கத்தில், நெய் ஊறியபடி, கொளுத்தாமல் கிடந்தன. ஒருவரும் அதை எடுத்து அப்பால் வைக்கவும் இல்லை.

பாடை தூக்குகிற நேரம்தான் கதை வந்தது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி சந்தியில் நடந்ததைக் கேள்விப்பட்டு வந்து, கையில் இருந்த பழைய தாளைத் தாயிடம் காட்டினாள். தாய் அதைப் பார்த்தா. கத்தவில்லை. படலை வரைக்கும் பாடைக்குப் பின்னால் வந்தா. எங்கள் வழக்கத்தில் பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. அந்த இடத்தில் மகனைப் பார்த்துச் சொன்னா.

"நான் போடச் சொன்னதை நீ எடுத்துப்போட்டாய் என்ன."

மகன் தாயைப் பார்த்தார். என்ன சொல்கிறா என்று விளங்காத பார்வை. பிறகு பாடைக்குத் தோள் கொடுத்தார். நான் நான்கு முழம் தள்ளி நின்றேன். வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை. கூட்டத்தோடு மயானம் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தேன்.

அடுத்த மூன்று நாளும் நான் கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று மனைவிக்குச் சொன்னேன். அவளுக்கும் உண்மையைச் சொல்லவில்லை. நான்காம் நாள் பின்னேரம் மகன் என் வீட்டுக்கே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. சேட்டுப் பையில் இருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. அம்மா தானே பிறகு உங்களிட்டைச் சொல்லி எடுப்பிச்சவ?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வெள்ளிக்கிழமை பின்னேரமே அவர் தாளைப் பார்த்திருக்கிறார். தாய் மனம் மாறி, தனக்குச் சொல்லாமல் எடுப்பித்துவிட்டா என்று நினைத்திருக்கிறார். தாயோ மகன் எடுத்தார் என்று நினைக்கிறா. சனிக்கிழமை நான் ஒட்டின புதிய தாளைச் செத்த வீட்டு அமளியில் அவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. நான்கு நாளாக அவ மகனின் கையால் தண்ணீரும் வாங்கிக் குடிக்கவில்லை. "அண்டைக்குத் தாளைப் பாத்தவுடனை எனக்கு உள்ளுக்கை ஒரு நிம்மதி வந்தது. அதையும் சொல்லத்தானே வேணும்" என்றார் அவர். அவர் அவ்வளவு சொன்ன பிறகு என்னால் ஒளிக்க முடியவில்லை. பெட்டி, அடங்காத வரிசை, நான் எழுதின வரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். எட்டேகாலுக்குக் கண்டதைச் சொன்னேன். பசை வாளியோடு திரிந்ததைச் சொன்னேன்.

அவர் ஏசுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கதிரையில் இருந்து தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"தெரிஞ்சுகொண்டோ பந்தலுக்கை நிண்டனீங்கள்?"

"ஓம்."

மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்ல உள்ளே போய்விட்டாள்.

வாங்கோ, அவளிட்டைப் போவம், நான் தனியப் போய்ச் சொன்னால் நம்பமாட்டாள் என்றார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து குருநகருக்குப் போனேன்.

கடற்கரைக்குக் கிட்டச் சின்ன வீடு. வாசலில் கணவன் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டார். அவள் வெளியே வந்தாள். அண்ணனும் தங்கையும் பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இருங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

நான் போனைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். திரையில் கடைசி வரிசை இருந்தது. பழைய தாளையும் காட்டினேன். பிழை என்னுடையது, அம்மாவும் அண்ணாவும் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவள் விரலால் தள்ளித் தள்ளித் தன் பிள்ளைகளின் பெயரைப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள்.

"நான் கோவத்திலை திரும்பேல்லை" என்றாள் அண்ணனிடம். "என்னை ஆரும் மறிச்சால் தாங்குவன். பந்தத்தை நீட்டப் போற கையை ஆரும் தட்டிவிட்டால், என்ரை பிள்ளையள் அதைச் சாகும் வரைக்கும் மறக்காதுகள். அதுதான் கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

அண்ணன் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கணவன் வந்து அவரின் முதுகில் கை வைத்தார். அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். ஏசப் போகிறாள் என்று எழும்பி நின்றேன்.

"நீங்கள் ஐயாவைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான் பிள்ளை."

"முகம் எப்பிடி இருந்தது?"

நான் அண்ணனைப் பார்த்தேன், அவர் சொல்லட்டும் என்று. அவர் குனிந்தபடியே இருந்தார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். முகம் வழித்திருந்தது, நெற்றி நிறையத் திருநீறு, கண் முழுதாக மூடவில்லை, இடது கண்ணில் ஒரு கீற்றுத் தெரிந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது, நோப்பட்ட முகமாக இல்லை, வேட்டிக் கரை பச்சை என்று. நின்ற இடத்தில் பயந்து பயந்து பார்த்தவன்தான், ஆனாலும் கண்டதெல்லாம் நினைவில் இருந்தது. தலைமயிர் எப்படி இழுத்திருந்தார்கள் என்று கேட்டாள். சொன்னேன். கை எப்படி இருந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். மெலிஞ்சு போனாரோ என்று கேட்டபோதுதான் அவளின் குரல் உடைந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவள் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போனாளாம். தாயும் மகளும் இப்போது போய் வருகிறார்கள். தாய் மகனோடும் கதைக்கிறா, ஆனால் பழைய மாதிரி இல்லை என்று கேள்வி. என்னை ஒருவரும் ஊரில் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தியேட்டியில் கொடுக்கிற நினைவு மலரை மட்டும் வேறு இடத்தில் அடித்தார்கள். என்னுடைய பக்கத்தில் அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆட்கள் கூடினால் இப்போது எழுத்துத் தானாகச் சிறுக்கும். அது அரை மணித்தியால வேலை.

பிழை வராத மனிசன் இல்லை என்று மனைவி ஆறுதல் சொல்லுகிறாள், அதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எட்டேகாலில் இருந்து பன்னிரண்டரை வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றவனிடம், தன் தகப்பனின் முகம் எப்படி இருந்தது என்று அந்தப் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டி வந்ததே, அது என்னோடு சுடலை வரைக்கும் வரும்.